இடது கால் அறிந்தது

பழைய ஃபெராரி ஒன்று விற்பனைக்கு வரும்போது விளம்பரத்தில் வழக்கமான விவரங்கள் எல்லாம் இருக்கும். எந்த வருஷத்து வண்டி, எத்தனை கிலோமீட்டர் ஓடியது, எத்தனை கை மாறியது, சர்வீஸ் ரசீதுகள் இருக்கின்றனவா. அது 360 மொடேனா, எஃப்430 மாதிரியான வண்டியாக இருந்து, கிளட்ச் பெடல் இல்லாத கியர்பாக்ஸும் இருந்துவிட்டால், கூடவே ஒரு எண்ணும் வரும். கிளட்ச் தேய்மானம் 38 சதவீதம். அல்லது 12. அல்லது, விற்பவர் நேர்மையானவர் என்றால், 81.

வாங்க வருபவரின் கண் முதலில் போவது அந்த எண்ணுக்குத்தான். இது கொஞ்சம் விசித்திரமான பழக்கம். சாதாரண காரில் கிளட்ச் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று யாரும் சதவீதத்தில் கேட்பதில்லை. மெக்கானிக் வண்டியில் ஏறி உட்கார்வார், பெடலை மிதித்து மெல்ல விடுவார், எந்த உயரத்தில் வந்து பிடிக்கிறது என்று பார்ப்பார். "இன்னும் ஒரு வருஷம் ஓடும் சார்" என்பார். அது ஊகம்தான். ஆனால் இருபது வருஷம் பெடல் மிதித்த காலின் ஊகம், பெரும்பாலும் பலிக்கும்.

காலுக்குத் தெரிந்திருந்த ஒன்று கம்ப்யூட்டரில் ஓர் எண்ணாக எப்படி மாறியது, மாறியதில் எது விட்டுப்போனது என்பதுதான் இந்தக் கட்டுரை. கதை ஒரு பந்தய மைதானத்தில் தொடங்குகிறது.

*

1989 மார்ச் 26. ரியோ டி ஜெனீரோவின் ஜகாரபகுவா மைதானம். அந்த வருட ஃபார்முலா ஒன் சீசனின் முதல் பந்தயம். நைஜல் மேன்செல் முதன்முறையாக ஃபெராரிக்காக ஓட்டுகிறார். அவர் கையில் இருப்பது ஃபெராரி 640. அதில் கியர் லீவர் கிடையாது. ஸ்டீயரிங் சக்கரத்துக்குப் பின்னால், விரல் எட்டும் தூரத்தில், துடுப்பு மாதிரி இரண்டு சின்னத் தகடுகள். வலது பக்கம் இழுத்தால் கியர் ஏறும், இடது பக்கம் இழுத்தால் இறங்கும்.

வடிவமைத்தவர் ஜான் பர்னார்ட். இதற்கு முன்னால் மெக்லாரனில் கார்பன் ஃபைபர் உடலை ஃபார்முலா ஒன்னுக்குக் கொண்டுவந்த ஆங்கிலேயர். ஃபெராரி கூப்பிட்டபோதும் இத்தாலிக்குக் குடிபோக மறுத்து, இங்கிலாந்தில் கில்ட்ஃபோர்ட் அருகே ஓர் அலுவலகம் போட்டு அங்கிருந்தே ஃபெராரியை வரைந்தார். பெடலை ஒழிப்பதெல்லாம் அவருடைய முதல் நோக்கம் இல்லை. லீவரிலிருந்து பின்னால் இருக்கும் கியர்பாக்ஸ் வரை ஓர் இரும்புக் கம்பி போகவேண்டும். அந்தக் கம்பிக்கும், லீவரை அசைக்கும் கைக்கும் இடம் விட்டால் காரின் உடல் அகலமாகிவிடும். கம்பியை எடுத்துவிட்டு ஒயரைப் போட்டால் உடலை ஒல்லியாக்கலாம். ஓட்டுநரின் கையும் ஸ்டீயரிங்கை விட்டு நகராது.

குளிர்காலச் சோதனைகளில் அந்தக் கார் அடிக்கடி நின்றுபோனது. கம்பெனிக்குள்ளேயே பழைய லீவரை மாட்டிவிடலாம் என்று பலர் சொன்னார்கள், பர்னார்ட் விடவில்லை. ரியோவிலும் பாதியில் நின்றுவிடும் என்று நினைத்து, வீடு திரும்ப சீக்கிரமே ஒரு விமானத்தில் டிக்கெட் போட்டு வைத்திருந்ததாக மேன்செல்லே பிறகு சொல்லியிருக்கிறார். கார் நிற்கவில்லை. நடுவில் ஸ்டீயரிங் சக்கரம் தளர்ந்துவிட, பிட்டில் வேறொன்றை மாற்றிப் போட்டுக்கொண்டு போய் ஜெயித்தார். கோப்பையைத் தூக்கும்போது அதன் விளிம்பு கையைக் கிழித்ததுதான் அன்றைக்கு அவருக்கு நடந்த ஒரே விபத்து.

அடுத்த சில பந்தயங்களில் அந்தக் கார் மாறி மாறிப் படுத்தது. பல நேரம் பழி கியர்பாக்ஸ் மேல் விழுந்தது, ஆனால் தேடிப்போனால் கோளாறு வேறு இடத்தில். எஞ்சினின் அதிர்வில் ஆல்டர்னேட்டர் பெல்ட் கழன்றுவிடும், மின்சாரம் குறையும், கியர்பாக்ஸின் மூளை அணைந்துவிடும். மென்பொருளில் குற்றம் என்று இரவெல்லாம் உட்கார்ந்து தேடி, காலையில் பவர் சப்ளையில் கண்டுபிடித்த அனுபவம் உள்ளவர்கள் இந்த இடத்தில் ஒரு நிமிடம் மௌனம் காக்கலாம்.

ஆனாலும் யோசனை வென்றது. தொண்ணூறுகளின் நடுவில் ஃபார்முலா ஒன்னில் எல்லோருமே துடுப்புக்கு மாறிவிட்டார்கள். 1997-ல் ஃபெராரி அதை சாலைக்குக் கொண்டுவந்தது. எஃப்355 எஃப்1. பெயரிலேயே பந்தயம். உள்ளே இருந்த மின்னணு-ஹைட்ராலிக் அமைப்பு, பந்தயக் காருக்குச் செய்துகொடுத்த அதே மேக்னெட்டி மரெல்லி கம்பெனியுடையது.

இந்த இடத்தில்தான் யாரும் சத்தம்போட்டுச் சொல்லாத ஒரு வித்தியாசம் இருக்கிறது. பந்தயக் கார் நின்ற இடத்திலிருந்து கிளம்புவது ஒரு பந்தயத்துக்கு எத்தனை தடவை? தொடக்கத்தில் ஒன்று, பிட்டில் நிறுத்தினால் இன்னும் ஒன்றிரண்டு. மீதி நேரமெல்லாம் ஓடிக்கொண்டே கியர் மாற்றுவதுதான். சாலைக் கார் ஒரு மாலை நேரத்து லாஸ் ஏஞ்சலஸ் நெரிசலில் எத்தனை தடவை கிளம்பும்? எண்ணிப் பார்க்க யாருக்கும் பொறுமை இருக்காது.

*

கிளட்ச் என்ன செய்கிறது என்பதை நம்மூர் டிரைவிங் ஸ்கூல் பழைய மாருதி 800-ல் எல்லோரும் உடம்பால் கற்றுக்கொண்டிருப்போம். எஞ்சின் பக்கத்தில் ஒரு கனமான வட்டு, ஃப்ளைவீல், சுற்றிக்கொண்டே இருக்கிறது. அது நிற்கக்கூடாது. நின்றால் வண்டி ஆஃப். சக்கரங்களின் பக்கம் எல்லாம் அசையாமல் நிற்கிறது. சுற்றுவதை நிற்பதோடு சேர்க்கவேண்டும். நடுவில் உராய்வுப் பட்டை ஒட்டிய ஒரு தட்டு. அது முதலில் உரசும், வழுக்கும், பிறகு பிடிக்கும். அந்த உரசல் நேரம்தான் 'ஹாஃப் கிளட்ச்'. "ஹாஃப் கிளட்ச்ல நிக்காத, பிளேட் போயிடும்" என்று மாஸ்டர் கத்தியது ஏனென்று அப்போது நமக்குப் புரிந்திருக்காது.

எனக்குப் புரிந்தது பல வருஷம் கழித்து, ஒரு கணக்கைப் பார்த்தபோது. மெக்கானிக்கல் படித்த நண்பர்களுக்கு இது பழைய செய்தி. எஞ்சின் ஒரே வேகத்தில் சுற்றிக்கொண்டிருக்கிறது, நின்றுகொண்டிருக்கும் காரை கிளட்ச் அந்த வேகத்துக்கு இழுத்துக்கொண்டு வந்து சேர்க்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எஞ்சின் கொடுத்த ஆற்றலில் சரிபாதி காரின் வேகமாக மாறும். மற்ற பாதி கிளட்சில் சூடாகப் போகும். நீங்கள் நிதானமாக விட்டாலும், பட்டென்று விட்டாலும், சமதரையில் அந்தப் பாதி மாறாது. காருக்கு எவ்வளவு கொடுக்கிறோமோ அவ்வளவையே தீக்கும் கொடுக்கிறோம்.

எண்ணைப் போட்டுப் பார்க்கலாம். ஸ்போர்ட்ஸ் காரின் முதல் கியர் நீளமானது. எஞ்சின் நிமிடத்துக்கு 8000 சுற்று போகும்போது முதல் கியரிலேயே கார் 80 கிலோமீட்டர் வேகத்தைத் தொடுகிறது என்று கொள்வோம். அப்படியென்றால் 1000 சுற்றுக்கு 10 கிலோமீட்டர். 1500 கிலோ எடையுள்ள காரை 1000 சுற்றில் நிதானமாகக் கிளப்பினால் கிளட்சில் இறங்கும் சூடு ஏறத்தாழ 6 கிலோஜூல். அதையே 4000 சுற்றில் எகிறிக் கிளப்பினால் சேரும் வேகம் 40 கிலோமீட்டர், சூடு 93 கிலோஜூல். எஞ்சின் சுற்று நான்கு மடங்கு, சூடு பதினாறு மடங்கு. நண்பர்களுக்கு முன்னால் ஒரே ஒருமுறை சீறிக் கிளம்பிக் காட்டுவது பதினாறு சாதாரணக் கிளம்பல்களுக்குச் சமம்.

அதே கணக்கில் இன்னொன்றும் ஒளிந்திருக்கிறது. எஞ்சின் 1000 சுற்றுக்குக் கீழே ஓட முடியாது என்றால், கார் 10 கிலோமீட்டருக்குக் கீழே ஊரும்போது கிளட்ச் முழுசாகப் பிடிக்கவே முடியாது. நெரிசலில் ஊரும் நேரம் முழுக்க அது உரசிக்கொண்டேதான் இருக்கும். மேட்டில் இன்னும் மோசம். 10 சதவீத ஏற்றத்தில் பிரேக்கை மிதிக்காமல் ஆக்ஸிலரேட்டரை லேசாக அழுத்தி அந்தக் காரை அப்படியே நிறுத்தி வைத்தால், கிளட்சில் இறங்கும் சூடு நொடிக்கு 4 கிலோஜூல். நான்கு கிலோவாட். அதாவது நான்கு இஸ்திரிப் பெட்டிகளை ஒன்றாகச் செருகி, அந்தத் தட்டின் மேல் வைத்த மாதிரி. கார் ஓர் அங்குலம்கூட நகரவில்லை.

ஸ்போர்ட்ஸ் காரின் கிளட்ச் இதற்குத் தோதானதும் இல்லை. எஞ்சின் சட்டென்று சுற்று ஏற வேண்டும், தரையோடு ஒட்டித் தாழ உட்கார வேண்டும் என்பதற்காக ஃப்ளைவீலையும் கிளட்சையும் சின்னதாக, லேசாக வைப்பார்கள். லேசான பொருள் சீக்கிரம் சுடும். சாதாரண ஆட்டோமேட்டிக் காரில் இந்த வழுக்கல் டார்க் கன்வெர்ட்டருக்குள் எண்ணெயில் நடக்கும். எண்ணெய் சூடாகும், குளிர்விக்கப் போகும், திரும்பி வரும். தேய்வதற்கு அங்கே பட்டை இல்லை. இங்கே உலர்ந்த பட்டை. சூடு ஏறினால் அதிலுள்ள பிசின் கருகும், மேற்பரப்பு கண்ணாடி மாதிரி வழவழப்பாகும், பிறகு இன்னும் அதிகமாக வழுக்கும், இன்னும் சூடாகும்.

இதெல்லாம் பெடல் இருந்த ஃபெராரிக்கும் பொருந்தும்தானே என்று கேட்கலாம். பொருந்தும். ஆனால் அங்கே இடது கால் இருந்தது. நெரிசலில் அந்தக் கால் வலிக்கும். வலிப்பதால் ஓட்டுபவர் முன்வண்டி நகர்ந்த உடனே நகரமாட்டார், கொஞ்சம் இடம் விழட்டும் என்று காத்திருப்பார். நியூட்ரலில் போட்டுவிட்டுக் காலை எடுப்பார். பெடல் வழியாக நடுக்கம் தெரியும். வாடை வந்தால் கால் தானாகவே விலகும். கால் ஒரு சென்சார், கூடவே ஒரு மனசாட்சியும். பெடலை எடுத்தபோது எடுக்கப்பட்டது ஓர் உழைப்பு மட்டும் இல்லை, ஒரு தகவலும்தான். கிளட்ச் அங்கேயே இருந்தது. அதைப் பற்றிய செய்திதான் நின்றுபோனது.

*

காலின் வேலையை எடுத்துக்கொண்ட இயந்திரத்தையும் கொஞ்சம் பார்க்கவேண்டும், ஏனென்றால் அது அழகானது. ஒரு சின்ன மின்சாரப் பம்ப் எண்ணெயை அழுத்தி ஒரு குடுவையில் சேமித்து வைக்கும். அந்த அழுத்தத்தை மின்வால்வுகள் தேவைப்பட்டபோது திறந்துவிடும். ஒன்று கிளட்சைத் தள்ளும், மற்றவை கியரை நகர்த்தும். இந்த வண்டிகளில் கதவைத் திறந்தாலே உள்ளே எங்கிருந்தோ 'ங்ங்ங்' என்று ஒரு முனகல் கேட்கும். ஓட்டுபவர் உட்காருவதற்குள் பம்ப் தன் குடுவையை நிரப்பிக்கொள்கிறது. ரசிகர்கள் அந்தச் சத்தத்துக்காகவே கதவைத் திறந்து மூடுவார்கள்.

கியர் மாறும் வேகம் விளம்பரமானது. 2002-ல் வந்த என்ஸோ ஃபெராரியில் 150 மில்லிசெகண்ட். 2006-ல் 599-இல் 100. அடுத்த வருடம் 430 ஸ்குடேரியாவில் 60. பிஎம்டபிள்யூ தன் எம்5-இல் மூன்றாம் தலைமுறை எஸ்எம்ஜி கியர்பாக்ஸைப் போட்டு 65 என்றது. பத்து வருடங்கள் இந்த எண்களின் மேல் ஓடின. ஆனால் ஓடும்போது கியர் மாற்றுவதில் கிளட்ச் அவ்வளவாகத் தேய்வதில்லை. இரண்டு பக்கமும் ஏற்கெனவே சுற்றிக்கொண்டிருக்கின்றன, வேக வித்தியாசம் குறைவு, நேரம் கண்ணிமைப்பு. தேய்வது கிளம்பும்போது. அந்த ஒன்றரை நொடியைப் பற்றி எந்த விளம்பரமும் பேசவில்லை.

அந்த ஒன்றரை நொடியில்தான் மென்பொருளின் நிஜமான சிக்கல் இருக்கிறது. கார் நிற்கிறது. முதல் கியர் விழுந்திருக்கிறது. ஓட்டுபவர் ஆக்ஸிலரேட்டரைக் கொஞ்சமாக அழுத்துகிறார். அவருக்கு என்ன வேண்டும்? மெல்ல ஊர வேண்டுமா? பின்னால் உருளாமல் மேட்டில் நிற்க வேண்டுமா? யோசித்து யோசித்துக் கிளம்புகிறாரா? பார்க்கிங்கில் இரண்டடி நகர வேண்டுமா? நான்குக்கும் பெடலிலிருந்து வரும் எண் கிட்டத்தட்ட ஒன்றேதான். பழைய வண்டியில் இந்த வித்தியாசத்தை இடது கால் வைத்திருந்தது. வலது கால் "எவ்வளவு" என்று சொல்லும், இடது கால் "எதற்கு" என்று சொல்லும். புதிய வண்டியில் ஒரு வாய் மட்டும்தான். மீதியை மென்பொருள் ஊகித்துக்கொள்ள வேண்டும். சந்தேகம் வந்தால் அது செய்வது ஒன்றே: இன்னும் கொஞ்சம் வழுக்கவிடுவது. வழுக்கவிட்டால் வண்டி குலுங்காது, ஆஃப் ஆகாது, ஓட்டுபவர் முகம் சுளிக்கமாட்டார். செலவு கணக்கில் பிறகு வரும். நான் எழுதிய நிரல்களிலும் இதே மாதிரி முடிவுகள் உண்டு. பயனருக்குப் பிழைச்செய்தி காட்டத் தயங்கி உள்ளே எதையாவது விழுங்கிக்கொள்ளும் நிரல். அதனால் சும்மா குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இன்னொன்று, கிளட்ச் எந்த இடத்தில் பிடிக்கத் தொடங்குகிறது என்று கம்ப்யூட்டருக்குத் தெரிந்திருக்க வேண்டும். வழுக்கத் தொடங்கும் புள்ளி என்ற பொருளில் மெக்கானிக்குகள் இதை 'பிஐஎஸ்' என்பார்கள். சூட்டில் இது நகரும், தேயத் தேயவும் நகரும். இந்தப் புள்ளி தப்பாக இருந்தால் வண்டி ஒன்று குதிக்கும், இல்லையென்றால் தேவைக்கு மேல் உரசும். மெக்கானிக் லேப்டாப்பை இணைத்து, மில்லிமீட்டரின் சிறு பங்குகளில் இதைத் திருத்துவார். 360 மொடேனா வைத்திருந்த சிலர், அதன் பந்தயச் சாயல் கொண்ட தம்பியான சேலஞ்ச் ஸ்ட்ரடாலேயின் கட்டுப்பாட்டுப் பெட்டியை வாங்கித் தங்கள் வண்டியில் மாட்டிக்கொண்டார்கள். அதே எஞ்சின், அதே கிளட்ச், ஊகம் மட்டும் வேறு.

பயிற்சி பெற்ற ஓட்டுநர்களோடு சோதனைத் தடத்தில் ஓடும்போது இந்த ஊகங்கள் பெரும்பாலும் சரியாகவே இருந்திருக்கும். நம் தொழிலில் 'என் மெஷின்ல ஓடுதே' என்று சொல்வோமே, அது.

*

வாடிக்கையாளர் வேறு மாதிரி ஆள். இரண்டு பெடல் இருக்கிறது, ஆட்டோ என்று ஒரு பட்டனும் இருக்கிறது. ஆக இது ஆட்டோமேட்டிக். அவர் வீட்டிலுள்ள இன்னொரு கார் டார்க் கன்வெர்ட்டர் போட்ட செடான். அதை ஓட்டுவதைப் போலவே இதையும் ஓட்டினார். சிக்னலில் அங்குலம் அங்குலமாக ஊர்ந்தார். மேட்டில் ஆக்ஸிலரேட்டரால் நிறுத்தி வைத்தார். சரிவான கராஜ் பாதையில் ரிவர்ஸில் ஏறினார். அவரைத் தப்பு சொல்ல முடியுமா? விற்றவர்கள் அவரிடம் பெடல் போய்விட்டது என்றுதான் சொன்னார்கள். கிளட்ச் போகவில்லை என்பதை யாரும் அழுத்திச் சொல்லவில்லை.

மசராட்டியின் கதை இதில் எனக்கு மிகவும் பிடித்தது. 2003-ல் வந்த குவாட்ரோபோர்ட்டே நான்கு கதவுள்ள சொகுசு செடான். பின்ஃபரீனாவின் வடிவமைப்பு. பின்னிருக்கையில் முதலாளி உட்கார்ந்து செய்தித்தாள் படிக்கிற வண்டி. அதற்குள் பந்தய வம்சத்துக் கியர்பாக்ஸ். ஒவ்வொரு கியர் மாற்றத்துக்கும் முதலாளியின் தலை ஒருமுறை ஆமோதித்தது. நகர நெரிசலில் கிளட்ச் தேய்ந்தது. கடைசியில் 2007 டெட்ராய்ட் கண்காட்சியில் அதே காரை ஜெர்மன் இசட்எஃப் கம்பெனியின் முறையான ஆட்டோமேட்டிக்கோடு கொண்டுவந்தார்கள். அதற்காக, பின்னால் இருந்த கியர்பாக்ஸை எஞ்சினுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைக்கவேண்டியிருந்தது. பாதிக் காரைத் திரும்ப வரைந்த மாதிரி. ஒரு முடிவு தப்பு என்பதை ஒரு கம்பெனி வாயால் ஒப்புக்கொள்வது அபூர்வம், வரைபடத்தால் ஒப்புக்கொள்ளும்.

லம்போர்கினி கயார்டோவின் இ-கியரில் இன்னொரு திருப்பம். நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி அது. பின்சக்கரம் மட்டும் இழுக்கும் காரில் எகிறிக் கிளம்பினால் டயர் சுழன்று, புகை விட்டு, அடியில் கொஞ்சத்தைத் தான் வாங்கிக்கொள்ளும். நான்கு சக்கரமும் தரையைக் கவ்விக்கொண்டால் வழுக்குவதற்கு மிஞ்சியிருப்பது கிளட்ச் மட்டும்தான். மின்சுற்றில் ஃபியூஸ் மாதிரி. ஒருவரிடம் பத்தாயிரம் கிலோமீட்டரில் முடிந்த கிளட்ச் இன்னொருவரிடம் அதைப்போல் சில மடங்கு உழைத்தது. அந்த வித்தியாசத்துக்குக் காரணம் காரில் இல்லை என்று டீலர்கள் சொன்னார்கள். பாதி உண்மை.

உரிமையாளர்கள் தங்களுக்குள் விதிகளை உண்டாக்கிக்கொண்டார்கள். ஊராதே. நின்றால் நியூட்ரல். மேட்டில் பிரேக். கிளம்பினால் தயங்காமல் கிளம்பு. ஆட்டோ பட்டனைத் தொடாதே. மேட்டில் ரிவர்ஸ் போகாதே. படித்தால் சிரிப்பு வரும். நம்மூர் டிரைவிங் மாஸ்டர் ஆயிரம் ரூபாய் வாங்கிக்கொண்டு கத்தியதைத்தான், கோடி ரூபாய் கார் வைத்திருப்பவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். கால் போன பிறகு காலின் புத்தியை மனப்பாடம் செய்துகொள்வது.

இந்தச் சூழலில்தான் அந்தச் சதவீதம் பெரிய மனிதன் ஆகிறது. அது எப்படி வருகிறது என்றால், புதுக் கிளட்ச் முழுசாகப் பிடித்திருக்கும்போது அதைத் தள்ளும் பேரிங் எந்த இடத்தில் இருக்கிறது என்று கம்ப்யூட்டர் குறித்து வைத்துக்கொள்ளும். பட்டை தேயத் தேய அந்த இடம் சில மில்லிமீட்டர் நகரும். எவ்வளவு நகர்ந்தால் கிளட்ச் முடிந்தது என்று ஓர் எல்லை இருக்கும். நகர்ந்ததை எல்லையால் வகுத்தால் சதவீதம். எளிமையான, நியாயமான கணக்கு. ஆனால் இது அளப்பது பட்டையின் தடிமனை மட்டும். கருகி வழவழப்பான பட்டை தடிமனாகவே இருக்கும், 30 சதவீதம் என்று காட்டும், மூன்றாவது கியரில் முழு ஆக்ஸிலரேட்டர் கொடுத்தால் வழுக்கும். கிளட்சை மாற்றிவிட்டு புது இடத்தைக் கம்ப்யூட்டருக்குச் சொல்லாமல் விட்டால், புதுக் கிளட்சுக்குப் பழைய கிளட்சின் வயது வரும். புதுக் கிளட்சே போடாமல் தொடக்க இடத்தை மட்டும் திருத்திவிட்டால், கிழவன் குமரனாவான். மூன்றும் சந்தையில் நடந்தவை. அதனால் விவரம் தெரிந்தவர்கள் எண்ணைப் பார்த்துவிட்டு, ஒரு தடவை ஓட்டியும் பார்ப்பார்கள்.

*

கதையை முடித்துவைத்தது இரட்டைக் கிளட்ச். யோசனை பழையது, போர்ஷே எண்பதுகளிலேயே 956, 962 பந்தயக் கார்களில் ஓட்டிப் பார்த்தது. 2003-ல் ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஆர்32-இல் சாலைக்கு வந்தது. ஒற்றைப்படை கியர்களுக்கு ஒரு கிளட்ச், இரட்டைப்படைக்கு இன்னொன்று. சக்திவாய்ந்த கார்களில் இரண்டும் பெரும்பாலும் எண்ணெயில் மூழ்கியிருக்கும், ஊர்ந்தாலும் எண்ணெய் சூட்டை வாங்கிக்கொள்ளும். 2008-ல் பிஎம்டபிள்யூ எம்3-யும் ஃபெராரி கலிஃபோர்னியாவும் மாறின. 2009-ல் வந்த ஃபெராரி 458-இல் வேறு தேர்வே இல்லை. லம்போர்கினி மட்டும் அவென்டடோரில் ஒற்றைக் கிளட்சைப் பிடித்துக்கொண்டு 2022 வரை ஓட்டியது.

ஆனால் ஒற்றைக் கிளட்ச் சாகவில்லை. இடம் மாறியது. 2014 பிப்ரவரியில் மாருதி செலேரியோ ஏஎம்டியோடு வந்தது. அதைச் செய்துகொடுத்தது அதே மேக்னெட்டி மரெல்லி. ரியோவில் மேன்செல்லின் கியரை மாற்றிய வம்சம் நம்மூர் சின்னக் காருக்குள் வந்து உட்கார்ந்தது. வேடிக்கை என்னவென்றால், இங்கே அது இன்னும் பொருத்தமாக இருந்தது. ஆளோடு சேர்த்து 900 கிலோ. முதல் கியர் குட்டையானது, 1000 சுற்றுக்கு சுமார் 7 கிலோமீட்டர்தான். அதே கணக்கைப் போட்டால் ஒரு கிளம்பலுக்குச் சூடு 1.7 கிலோஜூல், ஸ்போர்ட்ஸ் காரில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. ஃபெராரியின் பெயரைத் தாங்கிய இயந்திரம் தனக்கேற்ற உடம்பைக் கண்டடைந்தது ஒரு சின்னக் காரில்.

அதற்காகத் தீக்கவே முடியாது என்று இல்லை. சில வருடங்களுக்கு முன் மே மாதத்தில் கொடைக்கானல் போனோம். வாடகைக்கு எடுத்த சின்ன ஏஎம்டி கார், நான்தான் ஓட்டினேன். வெள்ளி நீர்வீழ்ச்சிக்கு முன்னால் வண்டிகள் வரிசையாக நிற்கின்றன. நான் ஆக்ஸிலரேட்டரை லேசாக அழுத்தி, மேட்டில் காரை அப்படியே நிறுத்தி வைத்திருக்கிறேன், பெருமையாக. பக்கத்தில் மாமா, அரசுப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர், இந்த மாதிரி வண்டியில் ஏறுவது அதுதான் முதல் தடவை. இரண்டாவது வளைவில் மூக்கைச் சுருக்கினார்.

"மாப்ள, பிரேக்க மிதிங்க. பிளேட் தீயுது."

"இதுல கிளட்ச் இல்ல மாமா, ஆட்டோமேட்டிக்."

"வாடை வருதே. இல்லாத சாமான் எப்படித் தீயும்?"

டேஷ்போர்டில் எந்த விளக்கும் எரியவில்லை. அவர் இடது கால் மட்டும், காலி இடத்தில், லேசாக அழுத்திக்கொண்டிருந்ததைப் பார்த்தேன்.

*

இப்போது சந்தை தலைகீழாகிவிட்டது. பெடலும் உலோகத் தடத்தில் ஓடும் கியர் லீவரும் கொண்ட எஃப்430-ஐ அந்தக் காலத்தில் வாங்கியவர்கள் மிகக் குறைவு. அதனாலேயே இன்று அதற்குத் துடுப்பு வண்டியைவிட மிக அதிக மதிப்பு. துடுப்போடு மட்டுமே 2001-ல் விற்பனைக்கு வந்த ஆஸ்டன் மார்ட்டின் வான்குவிஷுக்கு, நியூபோர்ட் பேக்னலில் உள்ள அதன் சொந்தப் பட்டறையே பிறகு பெடல் மாட்டித் தரத் தொடங்கியது. ஃபெராரிகளையும் பிஎம்டபிள்யூ எம்3-களையும் தனிப் பட்டறைகள் இப்படி மாற்றுகின்றன. பம்பைக் கழற்றுகிறார்கள், குடுவையை, வால்வுகளை, குழாய்களைக் கழற்றுகிறார்கள். மூன்றாவதாக ஒரு பெடலை மாட்டுகிறார்கள். கியர்பாக்ஸின் உள்ளே பெரும்பாலும் எதையும் தொடவேண்டியதில்லை, முதலிலிருந்தே அது சாதாரண மேனுவல் பெட்டிதான்.

கட்டுப்பாட்டுப் பெட்டியைக் கழற்றிய பிறகு கிளட்ச் தேய்மானத்துக்கு எண் கிடையாது. லேப்டாப்பை இணைத்தாலும் அந்த வரி வெறுமையாக இருக்கும். அப்படி மாற்றிய வண்டியை வாங்க வருபவர் கதவைத் திறக்கிறார், எந்த முனகலும் இல்லை. உள்ளே உட்கார்ந்து, இடது காலால் பெடலை அடிவரை மிதித்து, எங்கே வந்து பிடிக்கிறது என்று மெல்ல விட்டுப் பார்க்கிறார்.